பஸ்ஸுக்கு ஒரு ப, படத்துக்கு ஒரு ப

ஸ்பானிஷ் தேர்வுக்கு மூன்று நாள் இருக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது, ஒரு வருடமாக எடை என்று நினைத்துக்கொண்டு முத்தம் என்று சொல்லி வந்திருக்கிறேன் என்று.

ஓசூர் சிப்காட்டில் வண்டிகளுக்கு அலுமினியப் பாகங்கள் வார்க்கும் ஆலையில் எனக்குக் குவாலிட்டியில் வேலை. எங்கள் கம்பெனிக்கு மெக்சிகோவில் இன்னோர் ஆலை உண்டு. அங்கே இரண்டு வருடம் போய் இருந்து வேலை பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்று போன வருடம் அறிவித்தார்கள். ஒரே நிபந்தனை, ஸ்பானிஷில் நடு நிலைத் தேர்வு ஒன்றில் தேறியிருக்க வேண்டும். கிருஷ்ணகிரிப் பக்கம் அரசுப் பள்ளியில் தமிழில் படித்து, பாலிடெக்னிக் முடித்து, பதினாறு வருடமாக ஒரே காம்பவுண்டுக்குள் துளைகளின் விட்டத்தை அளந்துகொண்டிருந்தவள் நான். அறிவிப்பைப் படித்த அன்றே பெயரைக் கொடுத்துவிட்டேன். கொடுத்த பிறகுதான் வீட்டில் சொன்னேன்.

என் வீட்டுக்காரர் அப்போது மகளின் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். முழுக்கக் கேட்டுவிட்டு "ம்" என்றார். அந்த "ம்"முக்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயம்தான், வேறென்ன. மகளுக்கு எட்டு வயது. இரண்டு வருடம் என்றால் எத்தனை பரீட்சை, எத்தனை காய்ச்சல் என்று அவர் எண்ணத் தொடங்கினால் நானும் கூடவே எண்ண வேண்டியிருக்கும். அதனால் அந்தப் பேச்சை எடுக்காமல் படித்தேன். சமையலறையில், கம்பெனி பஸ்ஸில், மதிய இடைவேளையில், ஒரு நீள நோட்டை வைத்துக்கொண்டு வெறி பிடித்த மாதிரி படித்தேன். இந்த முறை தவறினால் அடுத்த தேர்வு ஆறு மாதம் கழித்து. அதற்குள் அந்த இடத்தை எங்கள் புனே ஆலைக்காரர் ஒருவர் எடுத்துக்கொள்வார். முதலில் பெயர் கொடுத்தவள் நான் என்பதால் அவர் ஏற்கெனவே தேறியும் காத்திருந்தார்.

வாரா வாரம் புதன்கிழமை மாலை ஏழரைக்கு மெக்சிகோவோடு வீடியோவில் கூட்டம் நடக்கும். அங்கே அப்போது காலை எட்டு. எனக்குப் பழக்கமாகட்டும் என்று என் பகுதியை மட்டும் ஸ்பானிஷில் சொல்ல அனுமதி வாங்கியிருந்தேன். நான் பேச ஆரம்பித்ததுமே அந்தப் பக்கம் எல்லோர் முகத்திலும் சிரிப்பு வந்துவிடும். எவ்வளவு நல்ல மனுஷங்க, காலை எட்டு மணிக்கே இப்படிச் சிரிக்கிறார்களே என்று நான் வீட்டில் வந்து சொல்லியிருக்கிறேன்.

அந்தப் புதன்கிழமை கூட்டம் முடிந்து மற்றவர்கள் போன பிறகும் அந்த ஆலையின் குவாலிட்டித் தலைவர் மட்டும் திரையில் உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெறப்போகிற வயது, மெதுவாகப் பேசுகிற ஆள். "எஞ்சினியர் அம்மா, சனிக்கிழமை உங்களுக்குத் தேர்வு. இதை இப்போது சொல்லாவிட்டால் தப்பு" என்று ஸ்பானிஷில் ஆரம்பித்தார். மேசைமேல் இருந்த ஒரு வார்ப்பை எடுத்துத் தராசில் வைத்து, "பெசோ" என்றார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, விரல்களைக் குவித்துத் தன் உதட்டில் ஒற்றி, "பெசோ" என்றார். முதலாவது எடை. இரண்டாவது முத்தம்.

எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டன. திரும்பச் சொல்லச் சொன்னேன். மூன்றாவது முறையில் பிடிபட்டது. எடையின் முதல் எழுத்து 'படம்' என்று சொல்லும்போது வருகிற ப. முத்தத்தின் முதல் எழுத்து 'பஸ்' என்று சொல்லும்போது வருகிற ப. நான் ஒரு வருடமாக இரண்டுக்கும் பஸ் ப-வைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். இந்தப் பாகத்தின் முத்தம் நானூற்றுப் பன்னிரண்டு கிராம். முத்தம் அளவு மீறிவிட்டது. அடுத்த வாரத்துக்குள் முத்தத்தைக் குறைத்துவிடுகிறோம், கவலைப்படாதீர்கள்.

நன்றி சொல்லிவிட்டுக் கணினியை மூடினேன். காது மடல் இரண்டும் கொதித்தன.

எடையோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. பஸ்ஸுக்குக் காத்திருந்த பத்து நிமிடத்தில் போனில் தேடத் தேட ஒவ்வொன்றாகக் கிளம்பிற்று. 'காலை வணக்கம்' சொல்வதற்கான வார்த்தையில் 'தோசை'யில் வருகிற த வர வேண்டும். நான் 'தலை'யில் வருகிற த-வைப் போட்டு, வாரா வாரம் அத்தனை ஆண்களையும் 'நல்ல அத்தைகளே' என்று கூப்பிட்டிருக்கிறேன். தோசை த போட்டு 'தோஸ்' என்றால் இரண்டு. தலை த போட்டால் இருமல். "இருமல் பெட்டி அனுப்பியிருக்கிறோம்" என்று எத்தனை முறை சொன்னேனோ. சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

எல்லாவற்றுக்கும் காரணம் அந்த நோட்டு. ஆங்கில எழுத்தில் ஸ்பானிஷைப் பார்த்தால் என் வாய் ஆங்கிலமாகவே படித்தது. அதனால் முதல் மாதமே ஒரு தந்திரம் செய்தேன். ஒவ்வொரு வார்த்தையையும் தமிழ் எழுத்தில் எழுதி, பக்கத்தில் பொருளும் எழுதினேன். அவ்வளவு அழகாகப் பொருந்தியது. ஸ்பானிஷுக்கு ர-வும் உண்டு, ற-வும் உண்டு. ஞ உண்டு. குறில் எ, ஒ உண்டு. ஆன்லைன் வகுப்பில் நாற்பது பேர், எல்லோருடைய மைக்கும் அணைத்து வைத்திருக்கும், ஆசிரியை காதுக்கு என் குரல் போனதேயில்லை. ஆனாலும் நான் மனதுக்குள் பெருமையாக இருந்தேன், மற்றவர்கள் எல்லாம் ஆங்கிலத்தைப் பிடித்துத் தொங்குகிறார்கள், நான் தமிழில் ஏறிப் போகிறேன் என்று. தமிழில் ப ஒன்றுதான் என்பது அந்தப் பெருமையில் மறந்துபோயிற்று. பழகின வார்த்தைகளில் நமக்குக் குழப்பம் வருவதில்லை. பாகலூர் என்று எழுதியிருந்தாலும் பஸ் ப போட்டுத்தான் சொல்கிறோம். தெரியாத மொழியில் கண் என்ன செய்யும்? கையில் கிடைத்ததைப் போட்டுக்கொள்ளும். படித்தால் எனக்கு ஸ்பானிஷ் புரியும், எழுதவும் ஒருமாதிரி வரும். வாயைத் திறந்தால் அந்த நோட்டுதான் வரும். சனிக்கிழமை வாய்மொழித் தேர்வும் உண்டு. அதில் தவறினால் மொத்தமும் தவறு.

வீட்டுக்குப் போய் நோட்டை மேசைமேல் எறிந்தேன். எறிந்த வேகத்தில் தண்ணீர்ச் சொம்பு கவிழ்ந்தது.

வீட்டுக்காரர் துணி கொண்டுவந்து துடைத்தார். அவருக்குப் பாகலூர் ரோட்டில் ரோஜா வளர்க்கிற பசுமைக்குடிலில் மேற்பார்வை வேலை. விடியலில் போய் மதியம் இரண்டு மணிக்கெல்லாம் வந்துவிடுவார், மாலைச் சமையல் அவருடையது. சொந்த ஊர் அத்திப்பள்ளியைத் தாண்டி ஒரு கிராமம், படித்தது கன்னடத்தில். என்னைக் கட்டிக்கொண்டு இங்கே வந்த பிறகுதான் தமிழ் எழுத்துக் கற்றார். நடந்ததைச் சொன்னேன். முத்தம் வந்த இடத்தில் அவர் வாயைத் துண்டால் மூடிக்கொண்டார்.

"சிரிங்க, நல்லா சிரிங்க. அவங்க ஒரு வருஷம் சிரிச்சாங்க, நீங்க இப்ப சிரிங்க."

"இல்லமா, எங்க காட்டு." நோட்டைப் பிரித்து ஒரு வரியில் விரல் வைத்தார். "இது என்ன ப?"

"ப தான்."

"அதான் எந்த ப?"

எனக்குக் கோபம் வந்தது. "எந்த ப-ன்னா? ப-வுல எத்தன இருக்கு?"

"எங்களுக்கு ரெண்டு இருக்கு" என்றார். "கன்னடத்துல 'பா'ன்னா வா. அது பஸ் ப. நீ கூடத்தான் பாலு விக்கற அக்காவ 'பா'ன்னு கூப்பிடற. எப்பனா தப்பா கூப்பிட்டிருக்கியா?"

இல்லை. ஒரு முறைகூட இல்லை. பக்கத்து வீட்டோடு கன்னடம், ஆலையில் பாதிப் பேரோடு தெலுங்கு என்று ஓசூரில் எல்லோரையும் போல நானும் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். அவையெல்லாம் காதால் வந்தவை. ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாது, ஒரு ப-வும் தப்பாது. இந்த ஸ்பானிஷ் ஒன்றைத்தான் மெனக்கெட்டுத் தாளில் எழுதிக் கற்றேன்.

அவர் சிவப்புப் பேனா எடுத்தார். "ஆறு எழுத்து சொல்லித் தரன், கன்னட எழுத்து. க-வுக்கு ரெண்டு, த-வுக்கு ரெண்டு, ப-வுக்கு ரெண்டு. நீ எழுதினதுமேல அத மட்டும் வெச்சிட்டா போதும். மிச்சம் உன் தமிழே இருக்கட்டும்."

"ஆயிரத்து நூறு வார்த்த இருக்குங்க."

"எல்லாத்துலயும் க, த, ப வருமா?"

"வராத வார்த்தைய எண்ணறதுதான் சுலபம்."

"சரி, சோறு தின்னு" என்றார்.

ஆறு எழுத்தையும் நான் ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொண்டேன். கன்னட எல்லையில் பதினாறு வருடமாக இருந்துகொண்டு, பஸ் பலகைகளைப் படம் பார்க்கிற மாதிரி பார்த்து ஏறியவள் நான். இரண்டு க-வுக்குக் கல் க, கேஸ் க என்று பெயர் வைத்தோம். கேஸ் என்றால் சிலிண்டர். த-வுக்குத் தலை, தோசை. ப-வுக்குப் படம், பஸ். மகள் உடனே பிடித்துக்கொண்டு, தட்டில் விழுந்த ஒவ்வொன்றுக்கும் "இது எந்த த?" என்று கேட்டு அதட்டல் வாங்கினாள்.

வியாழக்கிழமை விடுப்புக் கிடைக்கவில்லை. அவர் நோட்டைப் பசுமைக்குடிலுக்கே எடுத்துப் போனார். ஆசிரியை அனுப்பியிருந்த பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு வார்த்தையையும் போனில் அடித்து, அது சொல்வதைக் காதில் கேட்டு, சிவப்பில் குறித்துக்கொண்டே போனார். மதியம் எனக்குப் படம் அனுப்பினார். பேக்கிங் மேசை, வெட்டிக் கட்டிய ரோஜாக்கள், நடுவில் என் நோட்டு. நானூற்றைத் தாண்டிவிட்டேன் என்று கீழே எழுதியிருந்தார். எனக்கு அதைப் பார்த்து நிம்மதி வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. நானூறு என்றால் இன்னும் எழுநூறு. அன்று நான் துளை அளக்கிற கேஜைக் கீழே போட்டேன், ஒரு ரிப்போர்ட்டில் நேற்றைய தேதியைப் போட்டேன், யாரோ "மேடம், எக்ஸாம் எப்ப?" என்று கேட்டதற்கு "உங்களுக்கு எதுக்கு?" என்றேன். கழிப்பறையில் நின்று பெசோ, பெசோ என்று மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்ததை வெளியே ஒரு பெண் கேட்டிருக்கிறாள். வாந்தியா என்று விசாரித்தாள்.

மிச்சத்தை அவர் அன்று இரவே முடித்துவிட்டார். வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்தேன். அவர் வேலை முடிந்து வருவதற்குள் நோட்டை முதலிலிருந்து உரக்கப் படித்தேன். என் நீல மையில் தமிழ், அதன் தலையில் அவருடைய சிவப்பில் கன்னடம், வாயில் ஸ்பானிஷ். கண் சிவப்பில் பட்டதும் நாக்கு ஒரு கணம் நிற்கும், பிறகு சரியான இடத்தில் போய் விழும். ஐம்பது பக்கம் ஆனதும் அப்படி நிற்பது குறைந்தது. இது நடந்துவிடும் போலிருக்கிறதே என்று அந்த மூன்று நாளில் முதல் முறையாகத் தோன்றியது. நடந்துவிட்டால் போக வேண்டுமே. எழுந்து போய்த் துவைத்த துணியையே மறுபடி மடித்தேன்.

மாலை நான்கு மணி இருக்கும். அவர் வந்து மொட்டைமாடிக் குழாயைச் சரி பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாய்மொழித் தேர்வுக்காகத் தயாரித்த பேச்சை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். 'என் எதிர்காலத் திட்டம்' என்பது தலைப்பு. அதில் முக்கியமான வரி, 'மெக்சிகோவில் வேலை செய்ய எனக்கு மிகவும் ஆசை.' ஆசைக்கு ஸ்பானிஷில் கானாஸ் என்பார்கள். கேஸ் க. அதைக் காலையிலேயே போனில் நாலு தடவை கேட்டு உறுதி செய்திருந்தேன். சும்மா ஒருமுறை பார்ப்போம் என்று நோட்டைப் புரட்டினேன். கானாஸ் கிடைத்தது. அதன் தலையில் சிவப்பில் இருந்தது கல் க.

நோட்டோடு மாடிக்கு ஓடினேன்.

"இது என்ன?"

"எது?"

"எல்லா வார்த்தையும் சரியா போட்டீங்க, இந்த ஒண்ணு மட்டும் எப்படிங்க தப்பாச்சு? ஆசைங்கற வார்த்த மட்டும்? நான் அங்க போய் உக்காந்து தப்பா சொல்லணும், ஃபெயிலாவணும், அதான? நான் போகக் கூடாதுன்னு மனசுல வெச்சிக்கிட்டு, உதவி பண்ற மாதிரி..."

அதற்கு மேலும் பேசினேன். அதையெல்லாம் எழுத வெட்கமாக இருக்கிறது. பக்கத்து மாடியில் வடகம் எடுத்துக்கொண்டிருந்தவர் உள்ளே போய்விட்டார்.

அவர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நோட்டை வாங்கினார். பார்த்தார். திருப்பி என்னிடமே கொடுத்தார்.

"பக்கத்துல நீ தமிழ்ல என்ன எழுதியிருக்கன்னு படி."

படித்தேன். 'கானாஸ் – நரைமுடி.' முப்பத்தொன்றாம் பக்கம், உடலும் தோற்றமும். என் கையெழுத்துதான்.

"அது நர. கல் க" என்றார். "ஆச எண்பத்தெட்டாம் பக்கத்துல இருக்கு. அதுக்கு கேஸ் க போட்டிருக்கன், போய்ப் பாரு."

பார்க்கவே தேவையில்லை. ஆனாலும் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. மற்ற வார்த்தைகளைவிடக் கொஞ்சம் அழுத்தியே எழுதியிருந்தார்.

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கீழே வந்து டீ போட்டு, ஒரு டம்ளரை மாடிப்படியின் மேல் வைத்துவிட்டு வந்தேன், அவ்வளவுதான். அவர் எடுத்துக் குடித்தார். ஒரு வருடமாகக் கேட்காமல் வைத்திருந்த கேள்வியைக் கேள்வியாகக் கேட்காமல் குற்றமாகச் சாட்டிவிட்டோம் என்பது டீ ஆறிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அவரும் 'அப்படியெல்லாம் இல்லை' என்று சொல்லவில்லை. எழுத்து சரி என்று மட்டும்தான் சொன்னார்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு மூன்று பேரும் பைக்கில் கிளம்பினோம். தேர்வு பெங்களூரில். மகளை அத்திப்பள்ளியில் நாத்தனார் வீட்டில் இறக்கிவிட்டோம். அதற்குப் பிறகு பெரிய ரோட்டில் லாரிகளுக்கு நடுவே நான் பின்னால் உட்கார்ந்து என் பேச்சை ஒப்பித்துக்கொண்டே வந்தேன். அவர் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து "தோசை த" என்றோ "கேஸ்" என்றோ கத்துவார். நான் திருத்திச் சொல்வேன். நேற்றைய சண்டையைப் பற்றி இருவரும் பேசவில்லை. எதிர்ப்பக்கம் வந்த பஸ்களில் கண் போனது. ஒரு பலகையில் தமிழிலும் கன்னடத்திலும் ஊர்ப் பெயர். தேன்கனிக்கோட்டை. தமிழில் நாங்கள் தலை த போட்டுச் சொல்வோம். கன்னடத்தில் முதல் எழுத்து தோசை த. நான் அதைப் படித்துவிட்டேன் என்பது பலகை பின்னால் போன பிறகுதான் தெரிந்தது. அவர் முதுகைத் தட்டிச் சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு லாரி ஹாரன் அடித்தது. விட்டுவிட்டேன்.

படிப்பதும் எழுதுவதும் கேட்பதுமாக முற்பகல் போயிற்று. சுமாராகச் செய்தேன். வாய்மொழிக்கு என்னைக் கூப்பிட்டபோது பன்னிரண்டாக இன்னும் பத்து நிமிடம் இருந்தது. சின்ன அறை, மேசை, என் வயதை ஒத்த ஒரு பெண். உள்ளே நுழைந்து 'காலை வணக்கம்' சொன்னேன். தோசை த. அவர் அத்தையாகவில்லை. மூச்சு வந்தது.

பேச்சை ஆரம்பித்தேன். நான் யார், என்ன வேலை, ஒரு பாகத்தின் எடையை எப்படிப் பார்ப்போம். படம் ப. மெக்சிகோவில் வேலை செய்ய எனக்கு மிகவும் ஆசை. கேஸ் க. கண்ணுக்குள் அந்தச் சிவப்பு எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன, வாய் அவற்றை மிதித்துக்கொண்டு நடந்தது. முடித்தபோது அந்தப் பெண் தலையசைத்தார். இனி கேள்விகள். எத்தனை வருடம், எந்த ஊர், அங்கே உணவு எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள். எல்லாம் எதிர்பார்த்தவை. பிறகு பேனாவை மூடிக்கொண்டே, சாதாரணமாக, அவர் கேட்டார்.

"உங்கள் கணவர் இதைப் பற்றி என்ன நினைக்கிறார்?"

இதற்கு நோட்டில் பதில் இல்லை. என் குடும்பம் எனக்கு ஆதரவாக இருக்கிறது என்று ஒரு வரி தயாராக இருந்தது, அதைச் சொல்லியிருக்கலாம். தேர்வில் உண்மை பேச வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் என் வாய்க்கு அந்த வரி வரவில்லை. மாடியில் ஈரக் கையோடு நோட்டைத் திருப்பிக் கொடுத்தவர் கண் முன்னால் வந்து நின்றார்.

"தெரியவில்லை" என்றேன். "நான் அவரிடம் கேட்கவில்லை."

'கேட்டேன்' என்பதற்கு ஸ்பானிஷில் ஒரே வார்த்தைதான். அதில் படம் ப-வும் கேஸ் க-வும் தலை த-வும் அடுத்தடுத்து வரும். ஒப்பிக்கும்போதெல்லாம் நான் தடுக்கி விழும் வார்த்தை அது. அன்று மூன்றும் சுத்தமாக விழுந்தன. அந்தப் பெண் என்னை ஒரு நொடி பார்த்தார், பிறகு எதையோ குறித்துக்கொண்டார். அவ்வளவு நன்றாகச் சொன்னதற்கு எனக்குக் கொஞ்சமும் சந்தோஷம் வரவில்லை.

வெளியே வந்தேன். ரோட்டுக்கு எதிர்ப்புறம் இளநீர் வண்டி அருகே பைக்கில் சாய்ந்து நின்றிருந்தார். காலையிலிருந்து அங்கேயே நின்றிருப்பார் போலிருக்கிறது, காலடியில் வெட்டிய இளநீர் மூன்று கிடந்தது.

"எப்படி பண்ண?"

"பண்ணிட்டன். ஏங்க, ஒண்ணு கேக்கறன், சொல்லுங்க. நான் போறதுல உங்களுக்கு இஷ்டமா?"

அவர் ஹெல்மெட்டின் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. பிறகு என்னைப் பார்த்து, நோட்டிலிருந்து பொறுக்கிய ஸ்பானிஷில், "தெங்கோ கானாஸ்" என்றார்.

தெங்கோ என்றால் எனக்கு இருக்கிறது. எது இருக்கிறது? முதல் எழுத்து என் காதில் விழுந்துவிட்டது. கல் க. என்னிடம் நரை இருக்கிறது.

காதோரம் வெளுத்திருந்ததைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார். இளநீர்க்காரருக்கு எதுவும் புரியாமலே அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. க, த, ப மூன்றிலும் இந்த மனுஷன் தப்பு செய்து நான் பார்த்ததே இல்லை. ஆயிரத்து நூறு வார்த்தையில் ஒன்றுகூடத் தப்பவில்லை. ஆசை இருந்திருந்தால் கேஸ் க-வைச் சொல்லியிருப்பார்.

"வா, பசிக்குது" என்று வண்டியைக் கிளப்பினார்.

முடிவு வர ஏழு வாரம் ஆகும் என்றார்கள், ஏழு வாரமும் ஆயிற்று. அந்த நாட்களில் நான் பெட்டி பார்க்கக் கடைக்குப் போகவில்லை, பேச்சை எடுக்கவும் இல்லை, ஆனால் நோட்டைப் பரணில் போடவும் மனம் வரவில்லை. ஒரு வியாழக்கிழமை மதியம் ஆலையில் இருக்கும்போது மின்னஞ்சல் வந்தது. தேறிவிட்டேன். நான்கு பகுதிகளில் வாய்மொழியில்தான் அதிக மதிப்பெண். மாலைக்குள் போகிறீர்களா இல்லையா என்று எழுதிக் கொடுங்கள் என்று எங்கள் ஆபீஸில் கேட்டார்கள். நாளைக் காலை வரை நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அவர் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். மகள் தரையில் உட்கார்ந்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே சொன்னேன். "பாஸாயிட்டங்க."

"தெரியும்" என்றார். "நீ ஃபெயிலாவற மாதிரியா நான் எழுதினன்?"

"இஷ்டமில்லன்னு அன்னிக்கே சொல்லிட்டீங்க. எனக்குப் புரிஞ்சிடுச்சி. இப்ப நான் கேக்கறது வேற. எனக்குப் போவணும்னு இருக்கு. ரொம்ப இருக்கு. போகட்டுமா?"

கத்தி நின்றது. நறுக்கியதைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் தள்ளினார், தள்ளிய பிறகும் கையைத் தண்ணீரிலேயே வைத்திருந்தார். எங்களுக்குள் எப்போதும் தமிழ்தான். அவர் ஊர் ஆட்களோடுதான் கன்னடம் பேசுவார், கோபம் வந்தாலும் அழுகை வந்தாலும் கன்னடம் வரும்.

"ஹோகி பா" என்றார்.

போய்விட்டு வா. மகள் தலையைத் தூக்கி, "அப்பா, அது எந்த ப?" என்று கேட்டாள். நான்தான் சொன்னேன். பஸ் ப.